அரையடி மரியாதை

அவருடைய பேன்ட்டில் ஒரு கோடு இருக்கும். வலது காலின் வெளிப்பக்கத் தையலில், பாக்கெட் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, மஞ்சள் நூலில் ஒரு விரல் அகலத்துக்குத் தைத்த கோடு. கவனிக்காதவர்களுக்கு அது தையல்காரரின் கைத்தவறு. கவனித்தவர்கள் கேட்பார்கள். கேட்டவர்களுக்கு அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்று காட்டுவார். குதிகாலிலிருந்து கோடு வரை முக்கால் மீட்டர். நான் டேப் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன், சரியாக இருந்தது. அவரிடம் இருந்த நான்கு பேன்ட்டுகளில் ஒன்று மட்டும் துவைத்துத் துவைத்து அரை சென்டிமீட்டர் சுருங்கிவிட்டது. அதைக் கோயிலுக்குப் போக மட்டும் வைத்துக்கொண்டார்.

அவர் லைசென்ஸ் வாங்கிய ஒயர்மேன். வீட்டு ஒயரிங் எல்லாம் செய்வார் என்றாலும், அவருடைய பிரியம் முழுக்கத் தரைக்கு அடியில் போகிற சர்வீஸ் மீதுதான். தெருக் கம்பத்திலிருந்து வீட்டு மீட்டர் வரை மின்சாரத்தைக் கொண்டுவரும் இணைப்பைத்தான் சர்வீஸ் என்கிறோம். பெரும்பாலும் அது தலைக்கு மேலே ஒயராக வரும். சிலர் மண்ணுக்குள் கேபிளாகக் கொண்டுவருவார்கள். அப்படிப் புதைப்பதற்கு விதிகள் உண்டு. ஆழம் முக்கால் மீட்டர், கேபிளுக்குக் கீழேயும் மேலேயும் மணல், மணலுக்கு மேல் வரிசையாகச் செங்கல், வண்டி ஏறும் இடத்தில் இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் பின்னாளைய ரிப்பேருக்காகக் கொஞ்சம் உபரி கேபிள். இந்த விதிகளின் ஜெராக்ஸ் நான்கு பக்கம் பிளாஸ்டிக் உறையில் எப்போதும் அவருடைய மொபெட்டில் இருக்கும். அதைப் பிரித்துப் படித்து நான் பார்த்ததில்லை. ரேஷன் கார்டைப்போல, இருக்கிறது என்பதே அவருக்குப் போதும்.

பெயரை இங்கே எழுதவில்லை. உங்களைப் பற்றி ஒருநாள் எழுதலாமா என்று கேட்டபோது, "பேரெல்லாம் எதுக்குங்க சார், ஆழத்த மட்டும் சரியா எழுதுங்க" என்றார்.

ஆழத்தைச் சரியாக எழுதுகிறேன். அதற்குக் காரணம், என் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட காலை. என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், கடப்பாரையை இரண்டாம் முறை ஓங்கியபோது இவர் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தார். பிடித்திருக்காவிட்டால் மச்சான் என்ன ஆகியிருப்பார் என்பது அந்தக் குழிக்குள் இருந்தது. அதற்கு வருவதற்கு முன், அந்தக் கையைப் பிடித்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும்.

பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் வேலை பார்த்தேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அங்கே தொற்றியது. மழை, விருந்தாளி, தெருவில் யார் வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று எல்லாம் எழுதி வைப்பேன். சூலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லே-அவுட்டில் நாங்கள் வீடு கட்டியபோது, அவர் முதல்முறை வந்தது மாசி மாதத்து மூன்றாம் புதன். வியாழன் என்று என் மனைவி சொல்வாள். நோட்டு புதன் என்கிறது.

வந்தவர் கம்பத்தைப் பார்க்கவில்லை, மீட்டர் எங்கே வைக்கப்போகிறோம் என்று கேட்கவில்லை. "ஈசானிய மூலை எதுங்க?" என்றார்.

வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். வடகிழக்கு மூலையைக் காட்டினேன். காம்பவுண்டுக்கு வெளியே மின்கம்பமும் அதே மூலையில்தான் நின்றது.

"பொம்பளப் புள்ள இருக்குதுங்களா?"

"இருக்குது. எட்டாவது படிக்குது."

"அப்பப் பந்தக்கால் நடுவீங்க. இந்த மூலையிலதான் நடுவீங்க. கேபிளும் இந்த மூலை வழியாத்தான் வந்தாகோணும். பந்தக்கால் குழி ரெண்டடிங்க சார். நம்ம கேபிள் ரெண்டரை. நடுவுல அரையடி மரியாதை." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "முக்கால் மீட்டர்னு சட்டத்துல எழுதுனவரு நம்ம பக்கத்துக் கல்யாணம் எதையோ பாத்திருக்கோணுமுங்க."

பள்ளம் வெட்டி முடிந்த அன்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். செருப்போடு நின்றால் வெட்டுகிறவர்களிடம் ஒன்றரை சென்டிமீட்டர் களவாணித்தனம் என்பது அவர் கணக்கு. கம்பத்தடியிலிருந்து போர்ட்டிகோ வரை பள்ளத்துக்குள்ளேயே நடந்தார். மஞ்சள் கோடு தரைமட்டத்துக்கு மேலே தெரிந்த இடத்தில் எல்லாம் நின்று, வெட்டியவர்களைப் பார்த்து, "இங்க ஒரு ரெண்டு வெரலு கொறையுதுங்களே" என்று ஏதோ தன்னுடைய தப்பைப்போலச் சொன்னார். வெட்டியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார்கள். ஒருவர், "இவரு ஒரு சாண் குட்டையாப் பொறந்திருந்தா நம்ம எல்லாருக்கும் நல்லா இருந்திருக்கும்" என்றது என் நோட்டில் இருக்கிறது.

மணல் விரித்து, கேபிளைப் படுக்க வைத்து, மறுபடி மணல் தூவினார்கள். செங்கல் அடுக்குவதற்கு முன்னால் அவர் கையைத் தட்டி, வீட்டுக்குள் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"முகம் பாக்கறவங்கல்லாம் வந்து பாத்துக்குங்க."

எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தையை ஒரே ஓர் இடத்தில்தான் சொல்வார்கள். எடுப்பதற்கு முன், துணியை மூடுவதற்கு முன். உள்ளே கூட்டிக்கொண்டிருந்த என் மனைவி துடைப்பத்தோடு ஓடிவந்தாள். புது வீட்டில், பால் காய்ச்சுவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, இப்படி ஒரு வார்த்தை.

"ஏனுங்க, வாயில நல்ல வார்த்தையே வராதுங்களா உங்களுக்கு?"

"நல்ல வார்த்தைதானுங்க அம்மணி. மண்ணு போட்ட பொறவு யாரும் பாக்க முடியாது பாருங்க. இப்பப் பாத்தவங்கதான் சாட்சி. இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. காம்பவுண்டுல இருந்து எத்தன அடின்னு பாருங்க. கம்பத்துகிட்ட மூணு மீட்டர் சுருட்டி வெச்சிருக்கறேன், அதையும் பாத்துக்குங்க."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பார்த்தாள். மகளும் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்குப் பால் ஊற்ற வந்தவர், அந்த வீட்டுக்காரர், அவருக்குக் கூரியர் கொண்டுவந்த பெண் என்று அந்த நேரத்தில் கையில் கிடைத்த எல்லோரும் குனிந்து பார்க்க வைக்கப்பட்டார்கள். கூரியர் பெண் கையெழுத்துக்காக நோட்டை நீட்டியபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் நோட்டு இருப்பதைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பழைய கல்வெட்டுகளில் தானமாகக் கொடுத்த நிலத்துக்கு எல்லை சொல்வதைப்போல இருந்தது அது. கம்பத்துக்குத் தெற்கு, வேப்பமரத்துக்கு வடக்கு, போர்ட்டிகோப் படிக்கு நேர் கிழக்கு.

அதற்குப் பிறகு ஸ்விட்ச் போட, மோட்டார் பார்க்க என்று அடிக்கடி வருவார். வீட்டுக்குள் வேலை இருந்தால் வருவார், வேலை முடிந்ததும் வெளியே போய்ப் போர்ட்டிகோப் படியில் உட்காருவார். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார். அப்போது இரண்டு படிகள் இருந்தன. மேல்படியில் உட்கார்ந்தால் கால் தரையில் சரியாக ஊன்றும் என்பார். அவருடைய அப்பா பல்லடம் பக்கம் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனவர் என்பதும், அந்தத் தோட்டத்து வீடுகளில் வாசற்படி தாண்டியதில்லை என்பதும் பின்னால் பேச்சுவாக்கில் தெரிந்தது. நாற்காலிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் ஆழத்தைப் பற்றித்தான் பேசியிருப்பார்.

மதுக்கரையில் ஒரு வீட்டு வேலைக்கு என்னைக் கூட்டிப்போனார், ஒரு சனிக்கிழமை. "பாறை பாக்க வாரீங்களா சார்?" என்று, சினிமாவுக்குக் கூப்பிடுவதைப்போலக் கேட்டார். ஒன்றரை அடியில் சுண்ணாம்புப் பாறை தட்டியிருந்தது. வீட்டுக்காரர் அவசரத்தில் இருந்தார்.

"பாறை மேலயே போட்டுட்டு மண்ணத் தள்ளுங்க. யாரு தோண்டிப் பாக்கப் போறா?"

"அதுதானுங்க பயமே. யாரோ ஒருத்தரு பாக்காமயே தோண்டுவாங்க."

"பாறைய வெடி வெச்சா எடுக்க முடியும்?"

"எதுக்குங்க. அவிய நமக்கு முன்னாடி வந்தவிய. நாம சுத்திப் போயிக்கலாம்."

பாறையை 'அவிய' என்று மரியாதையாகச் சொன்னதில் வீட்டுக்காரருக்குக் கோபம் கொஞ்சம் குறைந்தது. கேபிள் அந்த வீட்டை மேற்கிலிருந்து வடக்காகப் பிரதட்சிணம் வந்து, கிழக்கு வாசலில் இருந்த மீட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. வேண்டியதைவிட இரண்டு மடங்கு கேபிள். வீட்டுக்காரர் அவரோடு ஆறு மாதம் பேசவில்லை. அந்த வீட்டில் பாறை தட்டிய பக்கம் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டினார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, இவர் எனக்குப் போன் செய்து அந்தச் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சிரிப்புச் சத்தம் கேட்டதா என்று எனக்கு நிச்சயமில்லை. நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

எல்லா இடத்திலும் அவருக்கு இதே கண்தான். என்னோடு வேலை பார்த்த ஒருவர் தவறியபோது அவரும் அடக்கத்துக்கு வந்திருந்தார். எல்லோரும் அழுதுகொண்டிருக்கையில் இவர் குழியின் ஓரத்தில் நின்று ஒரு நிமிடம் உள்ளே பார்த்தார். திரும்பி என் காதுக்கு மட்டும், "ஆழம் போதுமுங்க சார்" என்றார். அந்தத் துக்கத்திலும் எனக்கு ஓர் ஆறுதல் ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போன வருடம் ஐப்பசியில், எங்கள் முன்வாசலுக்குப் பேவர் கல் பதித்தோம். மழைத் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் போர்ட்டிகோவுக்கு முன்னால் தேங்கியது. கார் ஏற மறுத்தது. வேலைக்கு வந்தவர்கள் வாசல் முழுவதையும் சுரண்டித் தெருமட்டத்துக்குத் தாழ்த்தினார்கள். அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: 'முன்வாசல் ஒன்றேகால் அடி இறக்கப்பட்டது. போர்ட்டிகோவுக்கு இரண்டு படி கூடியது. வேலை நேர்த்தி.' கேபிள் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மேலே இருந்த மண்ணைத்தான் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். கேபிள் குறிப்பு, வாசல் குறிப்பு இரண்டையும் என் கையால் எழுதி, ஒரே அலமாரியில் வைத்திருந்தவன், இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அவருக்கும் சொல்லவில்லை. பேவர் கல்லுக்கும் ஒயர்மேனுக்கும் என்ன சம்பந்தம்?

பந்தக்கால் நட்டது தை மாதத்து ஒரு திங்கட்கிழமை. கல்யாணம் வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் பத்தரை வரை. மச்சான் சூலூருக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, கரையில்லாத துண்டு, குரல் மட்டும் கிணற்று மோட்டாரை மீறிப் பேசிப் பழகிய குரல். தாய்மாமன் என்ற உரிமையில் குழியை அவர்தான் எடுப்பேன் என்றார். மூலையில் நான்கு பேவர் கற்களைப் பெயர்த்து வைத்தோம். பால் வடியும் மரக்கிளையில் மஞ்சள் துணி கட்டி, நவதானியம், பால் எல்லாம் தட்டில் இருந்தன. ஒயர்மேனை நான்தான் வரச் சொல்லியிருந்தேன், விருந்தாளியாக. வாழ்க்கையில் முதல்முறையாக அவரை வேட்டியில் பார்த்தேன்.

மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தவர் வழக்கம்போலப் படிப்பக்கம் போனார். உட்காரப் போனவர் உட்காரவில்லை. குனிந்து படிகளை எண்ணினார். நான்கு.

அதே நேரத்தில் மூலையில் மச்சான் கடப்பாரையை இறக்கினார். 'ணங்' என்றது.

"கல்லு தட்டுதுடா" என்றார் மச்சான். "இன்னொரு போடு போட்டாத் தெறிச்சுரும்." கடப்பாரை மேலே போனது.

ஒயர்மேன் ஓடியதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மச்சானின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கல்லு இல்லீங்க. செங்கல்லு. நான் வெச்சதுங்க."

"யாரப்பா நீ? கையை உடு."

"உடறனுங்க. நீங்க கடப்பாரைய உடுங்க."

கூட்டம் சேர்ந்தது. நான் விளக்கினேன், அவர் யார் என்று. மச்சானுக்கு விளக்கம் பிடிபட்டது, ஆனால் பிடிக்கவில்லை. "அட, இதுக்கு எதுக்கு இத்தன அலும்பு. மாப்ள, மெயின் சுவிட்ச ஆப் பண்ணுங்க" என்றார். நானும் உடனே உள்ளே போனேன். வீட்டில் விசிறி நின்றது, மிக்சி நின்றது, கல்யாணத்துக்கு வந்திருந்த உறம்பரைக் கூட்டம் 'ஓ' என்றது. பெருமையோடு திரும்பி வந்தேன்.

"வீட்டுக்குள்ள நின்னுதுங்க சார்" என்றார் அவர், ரொம்பப் பணிவாக. "இது மீட்டருக்கு முன்னாடி. கம்பத்துல இருந்து நேரா வருது. நீங்க எந்தச் சுவிட்ச அணைச்சாலும் இவிய முழிச்சுட்டுத்தான் இருப்பாங்க."

"அப்பக் கம்பத்துல ஏறிப் பீஸப் புடுங்கு" என்றார் மச்சான்.

"அதுக்கு வாரியத்து ஆளுக வரோணுங்க. நமக்கு அதிகாரம் இல்லீங்க."

போன் செய்தோம். வருகிறோம் என்றார்கள், முக்கால் மணி ஆகும் என்றார்கள். அப்போது மணி ஒன்பது ஐம்பது. நல்ல நேரம் நாற்பது நிமிடம்தான் பாக்கி.

"கொஞ்சம் தள்ளி நட்டுக்கலாமுங்களே" என்றார் அவர்.

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஈசானியம்னா ஈசானியந்தான். உன்ற வயருக்குப் பயந்து எம்பொறந்தவ மக பந்தக்கால வேற மூலைல நடச் சொல்றியா?"

"வேற மூலை இல்லீங்க. இதே மூலைதான். ஒண்ணு கேக்கறனுங்க, தப்பா நெனைக்கக் கூடாது. ஈசானியம் எத்தன அடி அகலமுங்க?"

அறுபது வருடத்தில் மச்சானிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. என்னைப் பார்த்தார். எவ்வளவோ படித்திருக்கிறேன், எனக்கும் தெரியவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர், "அது ஒரு பொதுவான மூலை" என்றார்.

"ஒரு முழம் தள்ளுனா வடக்கு ஆயிருமுங்களா?"

"அளவெல்லாம் இல்ல. ஆனா தள்ள முடியாது" என்றார் மச்சான்.

ஒயர்மேன் மேலே வாதாடவில்லை. "சரிங்க. கேபிள் எதுவரைக்கும் சுருண்டு கெடக்குதுன்னு பாத்துட்டாத் தேவலை. இரும்பு வேண்டாம். ரெண்டு கொட்டாங்குச்சி குடுங்க அம்மணி" என்று என் மனைவியிடம் கேட்டு வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார்.

மச்சானின் குரல் அடுத்ததாக, சற்றுத் தணிந்து வந்தது. "குழிய நம்ம பங்காளிக, மாமன்மாருதான் எடுக்கோணும். அது மொறை."

கொட்டாங்குச்சி மண்ணில் பாதி இறங்கி நின்றது. அவர் நிமிரவில்லை. கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை. என் பேனாவைச் சட்டைப்பையில் தேடியது நினைவிருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை.

என் மகள் கல்யாணப் பெண்ணுக்கான அடக்கத்தோடு மணைமேல் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்.

"மாமா, முறைதானே. அப்ப நீங்களும் எறங்குங்க. ரெண்டு கொட்டாங்குச்சி கேட்டாரில்ல?"

மச்சான் துண்டை என் மேல் எறிந்துவிட்டு இறங்கினார். இரண்டு வெள்ளை வேட்டிகள், ஒரு முழக் குழியில். தலையும் தலையும் முட்டிக்கொண்டன. "பாத்துங்க." "நீ பாருப்பா." "மெதுவா, மெதுவா, சொரண்டுங்க, குத்தாதீங்க." "எனக்கு மண்ணள்ளச் சொல்லித் தாரியா?" "மண்ணள்ளத் தெரியுமுங்க உங்களுக்கு. அள்ளாம இருக்கத்தான் சொல்றேன்."

ஒரு சாண் ஆழத்தில் செங்கல் வந்தது. மச்சான் கையால் துடைத்தார். நான் மேலிருந்து குனிந்து பார்த்தேன். வரிசையாக நான்கு செங்கல். மூன்று முழுசு. நான்காவது நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவு புதியது, உள்பக்கம் இன்னும் சிவப்பாக, ஈரம் படாமல் இருந்தது. கடப்பாரையின் முனை இறங்கிய தடம் அந்தப் பிளவில் கச்சிதமாகப் பதிந்திருந்தது. ஒயர்மேன் ஒரு பாதியை மெல்ல எடுத்தார். கீழே மணல். மணலில் விரலை விட்டுக் கொஞ்சம் தள்ளினார். நான்கு விரல் ஆழத்தில் கேபிளின் கறுப்பு முதுகு தெரிந்தது. கீறல் இல்லை.

மச்சான் அதைப் பார்த்தார். செங்கல் பாதியைப் பார்த்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையை நிமிர்ந்து பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. தை மாதத்துக் காலை அது, மற்றவர்கள் சால்வை போர்த்தியிருந்தார்கள்.

பிறகு கையைத் தரையில் ஊன்றி, கேபிள் வளையத்தின் விளிம்பிலிருந்து ஒரு முழம் அளந்தார். யோசித்து, இன்னொரு முழம் அளந்தார். அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இதுவும் ஈசானியந்தான்" என்றார்.

அங்கே இருவரும் கொட்டாங்குச்சியாலேயே இரண்டடி தோண்டினார்கள். பத்து இருபத்து மூன்றுக்குப் பந்தக்கால் நின்றது. பெண்கள் பால் ஊற்றினார்கள். பிளந்த செங்கல்லுக்குப் பதில் புதுச் செங்கல் வைத்து, கேபிள் மேல் மண்ணை மூடி, சுற்றிலும் தள்ளி நான்கு மூங்கிலை நட்டுக் கயிறு கட்டினார் அவர். வாசலை முழுக்கத் தோண்டிக் கேபிளை மறுபடி இறக்குவது கல்யாணம் முடிந்த மறு திங்களுக்கு என்று என்னிடம் தேதி வாங்கிக்கொண்டார். வாரியத்து ஆட்கள் பத்தரைக்கு வந்து, மூங்கிலையும் கயிற்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பந்தியில் உட்கார்ந்தார்கள்.

மச்சான் ஒயர்மேனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்து இலையில் உட்கார வைத்தார். நான் எதிர்வரிசையில் இருந்தேன். உப்புமாவும் கேசரியும் வைத்தார்கள். மச்சான் சாப்பிடவில்லை, பிசைந்துகொண்டே இருந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏனுங்க, ஒரு சாண் ஆழம்னா ரொம்பக் கம்மிங்களா?"

ஒயர்மேனின் கை இலையிலேயே நின்றது. "எங்கீங்க?"

"என்ற தோட்டத்துல. மோட்டார் ரூமுக்குப் போற கேபிளு. போன வருசம் நானேதான் போட்டேன். மணலும் இல்ல, கல்லும் இல்ல."

"மேல என்னங்க?"

"மஞ்சள் போட்டிருக்குது." உப்புமாவை ஒதுக்கிவிட்டு, "நாளைக்குக் கெழங்கு எடுக்கறாங்க. பன்னெண்டு பொம்பளைங்க. கம்பியும் கொத்தும் வெச்சுத்தான் எடுப்பாங்க" என்றார்.

ஒயர்மேன் இலையை மூடினார். கேசரியைத் தொடக்கூட இல்லை. "எந்திரிங்க" என்றார்.

அடுத்த சடங்குக்குத் தாய்மாமனைத் தேடியபோது அவர் இல்லை. என் மனைவி என்னிடம் வந்து, "அண்ணன் எங்கீங்க?" என்றாள். மொபெட்டின் பின்னால், மண்ணான வேட்டியோடு சூலூர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார் என்றேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு அன்று எடுத்த போட்டோ எதிலும் மச்சான் இல்லை. சாயங்காலம் போன் செய்தார். கேபிள் கிளம்புகிற மீட்டர்ப் பெட்டியிலேயே சப்ளையைப் பிடுங்கிவிட்டார்களாம், கிழங்கு எடுப்பதை ஒத்திவைத்தாகிவிட்டதாம், பள்ளம் வெட்ட ஆள் கிடைக்கவில்லையாம். "கல்யாணத்துக்கு இன்னும் மூணு நாள் இருக்குதில்ல மாப்ள, அதுக்குள்ள வந்துருவேன்" என்றார். பின்னால் யாரோ, "அங்க ஒரு ரெண்டு வெரலு கொறையுதுங்க" என்று சொன்னது கேட்டது.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு மச்சான் வந்துவிட்டார். பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன் வேலை. நூலை எடுத்துச் சுற்றினார், முடிச்சு விழவில்லை. இரண்டாவது முறையும் நழுவியது. பத்து விரலிலும் கொப்புளம், நான்கு உடைந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மகள் தலையை நிமிர்த்தாமல் மெதுவாகக் கேட்டாள்.

"கை என்னாச்சு மாமா?"

"நூத்தியிருவது அடி நீளம், கண்ணு" என்றார் மச்சான், மூன்றாவது முறை நூலை இழுத்தபடி. "ஆழத்துல ஒரு வெரலுகூட அந்த மனுசன் உட்டுக் குடுக்கல."